நல்ல கைக்கு மாவுக்கட்டு

"அடிபடாத கைக்கு எதுக்குடி கட்டு?" என்று என் அம்மா கேட்டதில் தப்பே இல்லை. தங்கை மகளுக்கு அப்போது மூணே கால் வயது. இடது கையில் விரல் நுனியிலிருந்து முழங்கைக்கு மேல் வரை கட்டு, அதன்மேல் பூனை ஸ்டிக்கர். அந்தக் கையில் ஒரு குறையும் கிடையாது. குறை வலது கையில்தான். கட்டைவிரல் உள்ளங்கைக்குள் மடங்கியிருக்கும், மணிக்கட்டு கீழே தொங்கும், ஓடும்போது முழங்கை மடங்கி நெஞ்சோடு ஒட்டிக்கொள்ளும்.

நல்ல கையைக் கொஞ்ச நாளைக்குக் கட்டிவைத்து, பலமில்லாத கையை வேலை வாங்கும் இந்தச் சிகிச்சையை சி.ஐ.எம்.டி. என்கிறார்கள். கேட்டதும் புரிந்துவிடுவதுதான் இதில் இருக்கிற ஆபத்து. யாரோ சொன்னார்கள் என்று வீட்டிலேயே குழந்தையின் கையில் சாக்ஸை மாட்டி, துப்பட்டாவால் சுற்றி, டி.வி. முன் உட்காரவைத்துவிட்டு "ஒரு மாசம் ஆச்சு, ஒண்ணும் தெரியலையே" என்று சொல்கிற பெற்றோரை நானே பார்த்திருக்கிறேன். கட்டு இந்தச் சிகிச்சையில் கால்வாசிகூட இல்லை. மீதி என்ன என்பதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

முதலில் கை ஏன் இப்படி ஆகிறது? பக்கவாதம் என்றால் சுகர், பிரஷர் உள்ள பெரியவர்கள்தான் நினைவுக்கு வருவார்கள். தாயின் வயிற்றில் இருக்கும்போதும், பிறந்த முதல் நான்கு வாரங்களிலும் குழந்தைக்கும் அது வரலாம். மூளைக்குப் போகும் ரத்தக்குழாய் ஒன்று அடைபட்டு, அந்தப் பகுதி சேதமாகிவிடும். குறைப்பிரசவத்தில் மூளைக்குள் ஏற்படும் ரத்தக்கசிவு, மூளை உருவாகும்போதே நேரும் கோளாறு என்று வேறு காரணங்களும் உண்டு. எதனால் வந்தாலும் உடம்பின் ஒரு பக்கம் மட்டும் பாதிக்கப்பட்டால் அதை ஒருபக்க செரிப்ரல் பால்சி என்பார்கள். ஹெமிப்ளீஜியா என்பதும் இதுதான். பச்சைக்குழந்தைகளுக்கு வரும் இந்த அடைப்பு இடது மூளையில்தான் அதிகம் வருகிறது. இடது மூளை வலப்பக்க உடம்பை ஆள்வதால், பலமிழப்பதும் பெரும்பாலும் வலது கை. நம் வீடுகளில் அதற்குப் பெயர் சோத்தாங்கை. மற்றதன் பெயர் பீச்சாங்கை. பெயரிலேயே தீர்ப்பு எழுதிவைத்திருக்கும் ஊரில், இந்தக் குழந்தைகள் முதல் வாய்ச் சோற்றிலிருந்தே 'தப்பான' கையால் வளர்கிறார்கள்.

பிறந்தவுடன் வெளியில் ஒன்றும் தெரியாது. நாலைந்து மாதத்தில், பொருளை எட்டிப் பிடிக்கும் பருவத்தில்தான் வித்தியாசம் தெரிய ஆரம்பிக்கும். எங்கள் வீட்டுக் குழந்தை ஏழு மாதத்தில் கிலுகிலுப்பை, பால் பாட்டில், அப்பாவின் கண்ணாடி என எல்லாவற்றையும் இடது கையாலேயே பறித்தாள். "நொட்டாங்கைக்காரி, அவங்க தாத்தா மாதிரி" என்று சிரித்தோம். காட்டிய டாக்டரும் வளர வளரச் சரியாயிடும் என்றார். ஸ்கேன் எடுத்தபோது ஒன்றரை வயது. சாதாரணமாக ஒரு வயதுக்குள் குழந்தை எந்தக் கைப்பழக்கம் என்று தெரியவே கூடாது, இரண்டு கையையும் மாறி மாறித்தான் நீட்ட வேண்டும். அதற்கு முன்பே ஒரே கையை நீட்டினால், அந்தக் கையை ரசிப்பதை விட்டுவிட்டு மற்ற கையைப் பார்க்க வேண்டும். இது எங்களுக்குத் தெரிந்திருந்தால் ஒரு வருஷம் மிச்சமாகியிருக்கும்.

இந்தச் சிகிச்சை ஆஸ்பத்திரியில் பிறந்ததல்ல. 1895இலேயே பிரிட்டனில் மாட், ஷெரிங்டன் இருவரும் ஒன்றைக் கவனித்தார்கள். குரங்கின் ஒரு கையிலிருந்து உணர்ச்சியைக் கொண்டுவரும் நரம்புகளை முதுகுத்தண்டருகே வெட்டிவிட்டால், அசைக்கும் நரம்புகள் அப்படியே இருந்தும் அது அந்தக் கையைப் பயன்படுத்துவதே இல்லை. உணர்ச்சி இல்லாவிட்டால் அசைவும் இல்லை என்று வெகுகாலம் அதற்கு விளக்கம் சொன்னார்கள். அமெரிக்க உளவியலாளர் எட்வர்ட் டாப் அதை நம்பவில்லை. அவர் குரங்கின் நல்ல கையைக் கட்டினார். பசியெடுத்த குரங்கு, செத்துப்போனதாக நினைத்த கையை நீட்டித் தீனியை எடுத்தது. ஓரிரு நாளில் கட்டை அவிழ்த்தால் பழையபடி ஆனது. ஒன்றிரண்டு வாரம் விட்டுவைத்தால், அவிழ்த்த பிறகும் அந்தக் கையைப் பயன்படுத்தியது.

அவர் சொன்ன விளக்கம் எளிமையானது. அறுவை நடந்த புதிதில் கை நிஜமாகவே வேலை செய்யாது. குரங்கு முயன்று பார்க்கும், விழும், தீனியைத் தவறவிடும். மூன்று கால்களை வைத்துச் சமாளிக்கப் பழகிவிடும். சில வாரங்களில் நரம்புமண்டலம் ஓரளவு தேறினாலும், அதற்குள் இந்தக் கை உதவாது என்று அது முடிவு கட்டியிருக்கும். முடியாமை போன பிறகும் முடியாது என்ற பழக்கம் மட்டும் மிஞ்சுகிறது. 'கற்றுக்கொண்ட பயன்பாடின்மை' என்று அதற்குப் பெயர் வைத்தார்.

இந்தக் குரங்குகளின் கதையில் ஒரு கறையும் உண்டு, அதை விட்டுவிட்டுச் சொல்வது சரியல்ல. 1981இல் மேரிலாந்து மாநிலம் சில்வர் ஸ்பிரிங்கில் இருந்த டாபின் ஆய்வகத்தில், விலங்குரிமை அமைப்பான பீட்டாவை நிறுவியவர்களில் ஒருவரான அலெக்ஸ் பச்சேகோ உதவியாளராகச் சேர்ந்து, அங்கிருந்த அழுக்கையும் குரங்குகளின் புண்களையும் படமெடுத்துப் போலீசிடம் கொடுத்தார். 17 குரங்குகள் பறிமுதலாயின. விலங்குவதை வழக்கில் டாப் ஆறு குற்றச்சாட்டுகளில் தண்டிக்கப்பட்டு, மேல்விசாரணையில் அது ஒன்றாகக் குறைந்து, 1983இல் அதுவும் ரத்தானது. மத்திய அரசின் நிதியில் நடக்கும் ஆய்வுக்கு மாநிலச் சட்டம் பொருந்தாது என்பதுதான் காரணம், அவர் மேல் தவறில்லை என்று அந்தத் தீர்ப்பு சொல்லிவிடவில்லை. அமெரிக்காவில் ஆய்வக விலங்குகளுக்கான சட்டம் 1985இல் இறுக்கப்பட்டதில் இந்த வழக்குக்கும் பங்குண்டு. அதே குரங்குகளில் சிலவற்றைப் பின்னால் சோதித்தபோது, மூளையில் கைக்கான இடத்தை முகத்துக்கான பகுதி ஆக்கிரமித்திருந்தது தெரிந்தது. ஒரு சென்டிமீட்டருக்கும் மேலே. 1991இல் அது வெளியானபோது, வளர்ந்த மூளை மாறாது என்ற நம்பிக்கை ஆட்டம் கண்டது. என் மருமகளின் கட்டுக்குப் பின்னால் இந்தக் குரங்குகளும் இருக்கின்றன.

டாப் பிறகு அலபாமா பல்கலைக்கழகத்தின் பர்மிங்காம் வளாகத்துக்குப் போய், பக்கவாதம் வந்த பெரியவர்களிடம் இதை முயன்றார். 1993இல் வந்த முதல் ஆய்வில் மொத்தமே ஒன்பது நோயாளிகள். 2006இல் 222 பேரை வைத்துப் பல மையங்களில் நடந்த ஆய்வு, பலன் உண்மைதான் என்று உறுதிசெய்தது. குழந்தைகளுக்கான முக்கிய ஆய்வு 2004இல் வந்தது. ஏழு மாதத்திலிருந்து எட்டு வயது வரை 18 குழந்தைகள். நல்ல கைக்குக் கட்டு, தினம் 6 மணி நேரப் பயிற்சி, தொடர்ந்து 21 நாள். சிகிச்சை பெற்ற குழந்தைகள் சராசரியாக 9.3 புதிய அசைவுத் திறன்களைக் கற்றார்கள், வழக்கமான சிகிச்சையில் இருந்தவர்கள் 2.2.

பெரியவருக்கும் குழந்தைக்கும் ஒரு பெரிய வித்தியாசம் இருக்கிறது. பக்கவாதம் வந்த தாத்தாவுக்கு அந்தக் கையால் சட்டைப் பொத்தான் போட்ட ஞாபகம் உண்டு. குழந்தைக்கு அந்தக் கையோடு அறிமுகமே நடந்திருக்காது. என் மருமகள் படம் வரைந்தால் வலது கையில்லாத பொம்மையாக வரைவாள் என்று சொல்லத் தோன்றுகிறது, ஆனால் நடந்தது அதைவிடச் சாதாரணம். வலது கையில் எறும்பு ஊர்ந்தால்கூட அவள் அதைத் தட்டிவிட மாட்டாள், "அம்மா எறும்பு" என்று சொல்லிவிட்டு விளையாடிக்கொண்டிருப்பாள். ஆகவே இழந்ததை மீட்பது என்று குழந்தைகள் விஷயத்தில் சொல்வது சரியில்லை. புதிதாகச் சொல்லிக்கொடுக்க வேண்டியிருக்கிறது.

எங்கள் கணக்கு 15 நாள், நாளுக்கு 3 மணி நேரம். பாதி ஓ.டி. மேடத்திடம் (ஆக்குபேஷனல் தெரபிஸ்ட், அன்றாட வேலைகளுக்குக் கையைப் பழக்குபவர்), பாதி வீட்டில். மொத்தம் 45 மணி நேரம். அந்த 2004 ஆய்வின் 126 மணி நேரத்துக்குப் பக்கத்தில் இது ஒன்றுமில்லை, ஆனால் இப்போது பல ஊர்களில் ஏறத்தாழ இந்த அளவில்தான் செய்கிறார்கள். மாவுக்கட்டை இரண்டாகப் பிளந்து வெல்க்ரோ போட்டிருந்தார்கள். பயிற்சி நேரத்துக்கு மட்டும் மாட்டி, முடிந்ததும் கழற்றித் தோலைப் பார்ப்போம்.

முதல் நாள் முக்கால் மணி நேரம் அழுதாள். மேடம் அவளை எதையும் பிடிக்கச் சொல்லவே இல்லை. காலி பவுடர் டப்பாக்களை அடுக்கிவைத்து "தள்ளி விடு" என்றார். தோளை ஆட்டினாலே போதும், டப்பா விழும், சத்தம் வரும். அழுகை நடுவில் ஒரு சிரிப்பு வந்தது. மறுநாள் டப்பா கொஞ்சம் தள்ளிப் போனது, முழங்கையை நீட்டினால்தான் எட்டும். அதற்கடுத்த நாள் கண்ணாடியில் ஸ்டிக்கர் பொட்டு ஒட்டி, அதை விரலால் தடவச் சொன்னார். சிகிச்சையின் உயிரே இந்தப் படிக்கட்டுதான். ஒவ்வொரு படியும் நேற்றைக்கு முடிந்ததைவிட ஒரு இழை மட்டும் கஷ்டமாக இருக்க வேண்டும். ரொம்பச் சுலபமென்றால் கற்க ஒன்றுமில்லை, ரொம்பக் கஷ்டமென்றால் குரங்கு விழுந்த அதே அனுபவம் குழந்தைக்கும் வந்துவிடும்.

ஆறாம் நாள் சோழிகள் வந்தன. பல்லாங்குழிச் சோழியை எடுத்து ஹார்லிக்ஸ் பாட்டிலுக்குள் போட வேண்டும். எடுப்பது கஷ்டமாயிருக்கும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். எடுத்தாள். விட முடியவில்லை. விரல்கள் இறுகிக்கொண்டே போயின, கையை உதறினாள், கோபத்தில் சோழியோடு கையை மேஜையில் அடித்தாள். பிறகு அவளே ஒரு வழி கண்டுபிடித்தாள், மணிக்கட்டைத் தொங்கவிட்டால் விரல்கள் தானாகத் தளரும். எங்களுக்கு ஒரே சந்தோஷம். மேடம் ஒன்றும் சொல்லாமல் பாட்டிலைத் தூக்கி ஒரு ஸ்டூல்மேல் வைத்தார். இப்போது மணிக்கட்டை உயர்த்தினால்தான் பாட்டில் வாய் எட்டும், தொங்கவிடும் தந்திரம் பலிக்காது. தொங்கிய மணிக்கட்டால் பிடிக்கவே பலம் வராது என்பதால் அந்தத் தந்திரத்தை வளரவிடக் கூடாதாம். ஒன்பதாம் நாள்தான் முதல் சோழி ஒழுங்காக 'டொக்' என்று விழுந்தது. அன்றைக்கு 60 சோழி. 60 முறை எடுத்து விடுவது ஒரு கைக்கு எவ்வளவு வேலை என்பது, அன்று மாலை அவள் சாப்பிடாமலே தூங்கிப்போனதில் தெரிந்தது.

வேறொன்றையும் அந்த நாட்களில் கவனித்தேன். கட்டைக் கழற்றிய பிறகு இடது கையால் கிளிப்பை அழுத்தினால், சும்மா கிடந்த வலது கையும் கூடவே இறுகும். பிறக்கும்போது மூளையின் ஒவ்வொரு பாதியிலிருந்தும் இரண்டு பக்கக் கைகளுக்கும் நரம்புத்தடம் போகும். எந்தத் தடத்தில் போக்குவரத்து அதிகமோ அது நிலைக்கும், மற்றது வயது ஏற ஏறச் சுருங்கும். ஒரு பாதி சேதமானால், நல்ல பாதியே இரண்டு கைகளையும் வைத்துக்கொள்ளப் பார்க்கும். ஒன்றை அசைத்தால் மற்றது அசைவது அதனால்தான். முதல் இரண்டு வருஷத்தில் இந்தப் போட்டி சூடாக நடப்பதால் சீக்கிரம் தொடங்குவது நல்லது, ஆனால் அதே காரணத்தால் கைக்குழந்தையின் நல்ல கையை நாள் முழுக்கக் கட்டுவது விபரீதம். பூனைக்குட்டிகளில் செய்த ஆய்வுகளில், வளரும் பருவத்தில் பயன்படாமல் போன காலின் நரம்புத்தடமே வலுவிழந்தது. ஸ்வீடனில் ஆன்-கிறிஸ்டின் எலியாசன் குழு கைக்குழந்தைகளுக்கு வகுத்த முறையில் தினம் அரை மணி நேரம்தான், அதுவும் ஒரு சின்னக் கையுறை.

'அந்தக் காலத்தில் நொட்டாங்கைப் பிள்ளைகளை இப்படித்தானே கட்டித் திருத்தினோம்' என்று பெரியவர்கள் சொல்வார்கள். எங்கள் வீட்டிலும் சொன்னார்கள். அங்கே நல்ல கை ஒன்றைக் குற்றம் சொல்லி, இன்னொரு நல்ல கைக்குப் பழக்கத்தை மாற்றினோம். இங்கே பழக்கம் மாறப்போவதில்லை. என் மருமகள் ஆயுசுக்கும் இடது கையால்தான் எழுதுவாள், இடது கையால்தான் சாப்பிடுவாள். வலது கைக்குக் கிடைக்கப்போகும் உத்தியோகம் எடுபிடி வேலை. நோட்டை நகராமல் பிடிப்பது, டிபன் பாக்ஸை அழுத்திக்கொள்வது, சட்டையின் ஒரு ஓரத்தை இழுத்துக் கொடுப்பது. கட்டை அவிழ்த்த அன்று அவள் முதல் இட்லித் துண்டை இடது கையால் எடுத்ததும் அம்மாவுக்கு முகம் வாடிவிட்டது. இவ்வளவு செலவழித்தும் சோத்தாங்கைக்கு வரவில்லையே என்று. அம்மாவுக்குப் புரியவைக்கத்தான் 15 நாளைவிட அதிகமாயிற்று.

இன்னொன்றும் நம் ஊருக்கே உரியது. தோசை பிய்ப்பது, சோறு பிசைவது, சொம்பில் மொண்டு குளிப்பது எல்லாம் நமக்கு ஒரு கை வேலைகள். கத்தியும் முள்கரண்டியுமாகச் சாப்பிடும் ஊரில் ஒரு கைக்காரக் குழந்தை சாப்பாட்டு மேஜையிலேயே மாட்டிக்கொள்ளும். நம் குழந்தைகள் பள்ளிக்கூடம் போய்ப் பென்சில் சீவும்வரை சமாளித்துவிடுவார்கள். தாமதமாகக் கண்டுபிடிப்பதில் இதற்கும் கொஞ்சம் பங்கு இருக்கும் என்பது என் அனுமானம்.

கட்டில்லாமலும் இதைச் செய்யலாமா? செய்யலாம். கொலம்பியா பல்கலைக்கழகத்தில் ஆண்ட்ரூ கோர்டன், வாழ்க்கையில் பெரும்பாலான வேலைகளுக்கு இரண்டு கை வேண்டும், பிறகு ஏன் ஒற்றைக் கையைப் பழக்குகிறோம் என்று கேட்டு, இரண்டு கையும் சேர்ந்தால்தான் ஆட முடிகிற விளையாட்டுகளைக் கொண்டு ஒரு தீவிரப் பயிற்சி முறையை அமைத்தார். ஹேபிட் என்பது அதன் பெயர். ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பேனில் சர்க்கஸ் வேடமிட்டு முகாம் நடத்தி இரண்டையும் ஒப்பிட்டார்கள், ஏறக்குறைய ஒரே பலன். மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்துச் சீர்தூக்கும் காக்ரேன் அமைப்பு 36 ஆய்வுகளைச் சேர்த்து அலசிய 2019 மதிப்பீடும் அதையே சொன்னது. வாரத்தில் ஓரிரு முறை அரை மணி நேரம் நடக்கும் தெரபியைவிட சி.ஐ.எம்.டி. மேல். அதே அளவு மணி நேரம் இரண்டு கைப் பயிற்சி கொடுத்தால் பெரிய வித்தியாசம் இல்லை. வேலை செய்வது கட்டல்ல, மணி நேரம். கட்டு அந்த மணி நேரத்தை நல்ல கை திருடிக்கொள்ளாமல் காவல் காக்கிறது, அவ்வளவே.

இங்கேதான் நம் ஏற்பாடுகள் இடிக்கின்றன. மாவட்ட மருத்துவமனைகளில் ஆரம்ப நிலை இடையீட்டு மையங்கள் இருக்கின்றன, ஆட்களும் அக்கறையாகத்தான் பார்க்கிறார்கள். ஆனால் 'வாரம் ரெண்டு தடவை கூட்டிட்டு வாங்க' என்ற முறையில், ஒரு தடவைக்கு ஒரு மணி நேரம் என்று வைத்தாலும், 45 மணி நேரம் சேர ஐந்து மாதத்துக்கு மேல் ஆகும், அப்படிச் சொட்டுச் சொட்டாகச் சேருவது இந்தச் சிகிச்சை இல்லை. பஸ் செலவையும் அம்மாவின் நாள் கூலியையும் சேர்த்துப் பார்த்தால், தெரபிஸ்ட் ஒரு வாரம் சொல்லிக்கொடுத்து வீட்டில் தாய் தொடர்வதுதான் நடக்கக்கூடியது. அதற்கு வேண்டிய பொருட்கள் எல்லாம் வீட்டிலேயே உண்டு. புளியங்கொட்டை, பட்டாணி உரிப்பது, துணி கிளிப், சப்பாத்தி மாவு.

தானாகத் தொடங்கக் கூடாது என்று மட்டும் சொல்வேன். ஹெமிப்ளீஜியா உள்ள குழந்தைகளில் பலருக்கு வலிப்பும் உண்டு, நடையும் தள்ளாடும். விழும்போது ஊன்றிக்கொள்ளும் ஒரே கையைக் கட்டிவிட்டு நாம் அடுக்களைக்குப் போனால் பல் உடையும். கட்டோடு ஓடவிடக் கூடாது, மாடிப்படி ஏறவிடக் கூடாது. உள்ளே தோல் சிவந்திருந்தால் அன்றைக்கு நிறுத்திவிட வேண்டும். பலமில்லாத கை விறைப்பாக இருந்தால் அதைத் தளர்த்த ஊசி போட வேண்டுமா என்பதையும் டாக்டர்தான் சொல்ல வேண்டும்.

முன்னேற்றத்தை எப்படி அளப்பது? பிடிக்கும் பலத்தை அளந்து பயனில்லை, டெஸ்ட் என்றால் பிடித்துக் காட்டிவிட்டு வீட்டுக்கு வந்ததும் கையை மறந்துவிடுவார்கள். ஸ்வீடனில் உருவான ஒரு மதிப்பீடு உண்டு. இரண்டு கை தேவைப்படும் பொம்மைகளைக் கொடுத்து, கால் மணி நேரம் விளையாடவிட்டு வீடியோ எடுப்பார்கள். 'இந்தக் கையைப் பயன்படுத்து' என்று யாரும் சொல்ல மாட்டார்கள். பலமில்லாத கை தானாக எத்தனை தரம் உதவிக்கு வருகிறது, எப்படி வருகிறது என்பதற்குத்தான் மதிப்பெண். எங்களுக்கு அதை முறைப்படி செய்ய ஆள் கிடைக்கவில்லை. மேடம் தன் போனில் முன்னும் பின்னும் ஒரே விளையாட்டை எடுத்துவைத்தார். முதல் வீடியோவில் மூடியைப் பல்லால் கடித்துத் திறக்கிறாள். இரண்டாவதில் பாட்டிலை வலது முன்கையால் வயிற்றோடு அணைத்துக்கொண்டு இடது கையால் திருகுகிறாள். விரல்கள் இன்னும் விரியவில்லை, ஆனால் கை வேலைக்கு வந்துவிட்டது.

ஆறு மாதம் கழித்துச் சோழி ஆட்டம் பாதி மறந்திருந்தது. 60 போட்டவள் 20இல் களைத்தாள். அணைத்துப் பிடிப்பதும் நோட்டை அழுத்துவதும் தங்கிவிட்டன, தினம் தேவைப்பட்டதால். அடுத்த சுற்று கோடை விடுமுறையில், இந்த முறை கட்டில்லாமல், இரண்டு கை வேலைகளாக என்று மேடம் சொல்லியிருக்கிறார்.

போன வாரம் போயிருந்தபோது பிஸ்கட் பாக்கெட்டைக் கொடுத்து, "மாமா பிரிச்சுத் தரட்டுமா?" என்று கேட்டேன். பதில் சொல்லாமல் பாக்கெட்டை வலது கை விரல்களுக்குள் ஒவ்வொன்றாக விரித்துச் செருகினாள். இடது கையால் பிய்த்தாள். பாதி பிஸ்கட் தரையில் கொட்டியது. குனிந்து இடது கையால் பொறுக்கித் தின்றாள். வலது கை மட்டும் கிழிந்த பாக்கெட்டை விடவே இல்லை, டிவி பார்த்து முடிக்கும்வரை.